கல்லு நிக்கப்படாது

சிரிக்கறதைப் பாரு. போர்டிகோவுல பிளாஸ்டிக் சேரை வரிசையாப் போட்டு, வந்தவங்களை உக்கார வெச்சுட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு இந்த மனுசன் சிரிக்கறதைப் பாரு. கல்யாணத்தன்னிக்குக் கூட இப்பிடிச் சிரிக்கலை. நான் மிதிக்கறேன். மிதிச்சுக்கிட்டே இருக்கேன். கால் கீழ போகுது, மேல வருது, செயின் கரகரங்குது, பெல்ட்டு ஓடுது, முன்னால கைக்கு எட்டற தூரத்துல கிரைண்டர் சுத்துது, உள்ள உளுந்து. சேலையைக் கணுக்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டு, கட்டுன பொண்டாட்டி ஊரு பேரு தெரியாதவங்க முன்னால நகராத சைக்கிள் மேல உக்காந்து கெடக்கறா, அவருக்குச் சிரிப்பு. "இது வந்துங்க, சிங்கிள் ஆபரேட்டர் டிசைன்" அப்பிடிங்கறாரு. "மிதிக்கற ஆளே மாவையும் தள்ளி விட்டுக்கலாம். ரெண்டாவது ஆளே தேவையில்லை." பாலிடெக்னிக்குல பசங்களுக்குப் பட்டறைப் பாடம் நடத்துன குரல், ரிட்டயர் ஆகியும் இன்னும் எறங்கலை. கடைசி பெஞ்சுக்கும் கேக்கும். ரெண்டாவது ஆளு தேவையில்லையாம். செரி, முதல் ஆளு யாருன்னு இதுல ஒருத்தராவது கேட்டீங்களா. நாந்தான். மரகதம்னு எங்கப்பாரு ஆசையா வெச்ச பேரு, இந்த ஊட்டுல அது ஆபரேட்டர்னு மாறிப் போச்சு. அதுக்கப்புறம் சொன்னாரு பாரு ஒரு வார்த்தை, அதுல வந்து மாட்டிக்கிச்சு என்ற மனசு, அங்கயே நிக்குது, நகர மாட்டேங்குது. "நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மிதிப்போமுங்க." வாயி கூசாமச் சொன்னாரு. மாத்தி மாத்தி. என்ற வலது காலையும் இடது காலையும் சொல்றாரா என்னமோ. இதைச் செஞ்ச நாள்லயிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேல ஏறி உக்காந்தாரு, அதும் வெறும் கல்லு, உள்ள ஒரு பொட்டு அரிசி கெடையாது. நாலு சுத்து சுத்துனாரு, பூவாட்ட ஓடுதுன்னாரு, எறங்கிட்டாரு. அதுக்கப்புறம் கேட்டா முட்டி வலி. முட்டி வலிக்காரரு தினமும் ரேஸ்கோர்சுல நடக்கப் போறாரு. மாத்தி மாத்தி.

கல்லு தண்ணி கேக்குது. சத்தத்துலயே தெரியும் எனக்கு. இடது கையால ஹேண்டில் பாரைப் புடிச்சுக்கிட்டு வலது கையால ஐஸ் தண்ணியைத் தெளிக்கறேன், காலு ரெண்டும் அது பாட்டுக்கு மிதிக்குது. ஐஸ் தண்ணி. ஃபிரிட்ஜுல வெச்ச தண்ணி. திங்கக்கிழமைக்கு மேல இந்தத் தண்ணி எங்கிருந்து வரும்னு அந்த மனுசனைக் கேக்கணும். ஏன்னா திங்கக்கிழமை இந்த ஊட்டுக்குக் கரண்ட்டு கட்டு. கரண்ட்டு ஆபீசு கட் பண்ணலை, இவரே போயி மீட்டரைக் கழட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்லப் போறாரு. இன்னிக்கு இவங்க முன்னால உளுந்து நல்லபடியா ஆட்டி எடுத்தாச்சுன்னா, அதான் கடைசிப் பரிட்சையாம், பாஸாயிட்டா திங்கக்கிழமை கரண்ட்டே இல்லாத ஊடுன்னு பேரு வாங்கிரலாமாம். ஏற்கெனவே மிக்சி இந்த சைக்கிள்லதான். வாசிங் மிசினு மோட்டாரைக் கழட்டி வீசிட்டு அதுக்கும் ஒரு பெல்ட்டு மாட்டியாச்சு, அவரு வேட்டியை நான் காலால தொவைக்கறேன். லைட்டுக்கு பேட்டரி, பேட்டரிக்கு டைனமோ, டைனமோவுக்கு நான். மிச்சம் இருக்கறது ஃபேனும் ஃபிரிட்ஜுந்தான். அது ரெண்டும் இந்த சைக்கிளுக்கு அடங்கலை, அதனால அது ரெண்டும் ஆடம்பரம்னு ஆயிருச்சு. ஃபேனு எதுக்கு, சன்னலைத் தொறந்தா காத்து வருதுல்லங்கறாரு. சித்திரை மாசத்துல இந்தச் சமையக்கட்டுல வந்து நின்னு பாத்திருக்கறாரா. போன்ல எம்பொண்ணு யாழிசை கிட்டச் சொல்லி அழுகலாம்னு பாத்தா, அவ புனேவுல ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டு, "அப்பா செமயா பண்றாரும்மா, உனக்கும் நல்ல எக்சர்சைஸ்தானே"ங்கறா. அப்பனுக்குப் பொறந்தது அப்பன் பக்கந்தான் பேசும். நான் யாரு கிட்டப் போயிச் சொல்லட்டும். யாரு கிட்டயும் சொல்ல வேண்டியதில்லை. நின்னுட்டாப் போதும். காலை நிறுத்திட்டாப் போதும். கல்லு நின்னுரும், பரிட்சை பெயிலு, மீட்டரு அங்கயே செவுத்துல கெடக்கும்.

இப்ப நிறுத்தலாம். இந்தச் சுத்தோட நிறுத்தலாம். இல்ல, அடுத்ததுல. கால் நிக்க மாட்டேங்குது. நின்னா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும், இப்பவே காதுல கேக்குது. "டிசைன்ல ஒண்ணும் குறை இல்லீங்க, ஆபரேட்டருக்கு ஸ்டாமினா பத்தலை." எல்லாரும் ஐயோ பாவம்னு என்னைப் பாப்பாங்க. அப்புறம் பெரிய பல்சக்கரமா மாத்துவாரு, அடுத்த மாசம் வேற ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வருவாரு, நான் மறுபடி மிதிக்கணும். மாவைக் கெடுத்துரலாம். அது சுலபம். ஒரு சொம்பு தண்ணியைச் சேத்தி ஊத்திட்டா முடிஞ்சுது, உளுந்து பொங்காது, நீர்மோராட்ட ஓடும், அதைப் பாத்து எவனும் கை தட்ட மாட்டான். சொம்பு இங்கதான் இருக்குது, கைக்குப் பக்கத்துல. கை போகுது. போயி, நாலு சொட்டு தெளிச்சுட்டுத் திரும்பி வருது. என்ற கையே என்ற பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இந்தத் தெருவுல மரகதம் ஊட்டு இட்லின்னா தெரியாதவங்க கெடையாது. கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்துல என்ற கையில ஒரு நாளும் மாவு தப்புனது இல்லை. அவரு மேல கோவத்துல குழம்புக்கு உப்புக் கூடுதலாப் போட்டிருக்கேன், காப்பியை ஆற வெச்சுக் குடுத்திருக்கேன், மாவுல மட்டும் கை வெச்சதில்லை. பதம் வரலைன்னா வரலைம்பேன், வந்துருச்சுன்னா வந்துருச்சும்பேன், மாவு விசயத்துல எனக்குப் பொய் வராது. இப்பப் பாரு, உளுந்து எந்திரிச்சு வருது, வெள்ளையா, கல்லைச் சுத்தி ஏறி ஏறி வருது. எனக்கே சந்தோசமா இருக்குது. இந்தச் சந்தோசத்தை வெச்சு என்ன பண்றது நானு. இதுதான என்ற தலையில மண்ணை வாரிப் போடப் போகுது.

வந்தவங்கள்ல ஒரு புள்ளை எந்திரிச்சு வருது, போனைத் தூக்கிக்கிட்டு. பூங்கோதைன்னு பேரு சொல்லிச்சு, காலேசுல வாத்தியாரம்மாவாம், பசுமை வட்டம்னு இவங்க சங்கத்துக்குச் செயலாளராம். "ஆன்ட்டி, நீங்க ரொம்ப இன்ஸ்பைரிங்" அப்பிடிங்குது. நானு சிரிச்சு வெக்கறேன். மூச்சு இருந்தாத்தான பேசறதுக்கு. "எங்களுக்கெல்லாம் ஜிம்முக்குப் போகவே டைம் இல்ல, உங்களுக்கு வேலையும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு." வா தாயி, வந்து ஏறி உக்காரு, உடம்புக்கு ஆகட்டும். சொல்லலை. ஊடு தேடி வந்த ஒறம்பரையை அப்பிடிச் சொல்லப்படாது. அந்தப் பக்கம் தலைவரு, புருசோத்தமன் சாரு, காப்பியை ஊதி ஊதிக் குடிக்கறாரு. கேட்டுக்கு வெளிய அவரு காரு நிக்குது, டிரைவரு உள்ள ஏசியைப் போட்டுக்கிட்டுத் தூங்கறான், எஞ்சின் ஓடற சத்தம் எனக்கு இங்க கேக்குது. மின்சாரம் மிச்சம் புடிக்கறதைப் பத்தி இவரு பேசறாரு. "சார், உங்க மிசஸ் குடுத்து வெச்சவங்க"ங்கறாரு என்ற ஊட்டுக்காரரு கிட்ட. குடுத்து வெச்சவ. என்ன குடுத்து வெச்சேன், யாரு கிட்டக் குடுத்து வெச்சேன், திருப்பி வாங்கிக்க முடியுமா. "சின்ன ஒத்துழைப்புதானுங்க" அப்பிடிங்கறாரு எங்கூட்டுக்காரரு, ரொம்பத் தன்னடக்கமா. என்ற காலு ரெண்டும் சின்ன ஒத்துழைப்பு. தொடை எரியுது. முதுகுல வேர்வை கோடு போட்டு எறங்குது, ஜாக்கெட்டு ஒட்டிக்கிச்சு, அந்தப் புள்ளை போன்ல அதும் விழுகும். ஊரெல்லாம் பாக்கும். பாக்கட்டும்.

இப்பத்தான் பயம் வருது. ஒவ்வொரு தடவையும் இந்த நேரத்துலதான் வரும், கழுத்துப் பக்கம் குளுந்தாப்பல இருக்கும். போன மாசம் அரிசி ஆட்டும்போது கண்ணை இருட்டுச்சே, அது மறுபடி வந்துருமோன்னு. உளுந்து பரவால்ல, உளுந்து மெத்துனு போயிரும். அரிசிதான் ஆளைக் கொல்றது. முழு அரிசியா இருக்கும்போது கல்லு தூக்கித் தூக்கிப் போடும், பெல்ட்டை இழுத்துப் புடிக்கும், ஒவ்வொரு மிதியும் பாறையை மிதிக்கறாப்பல இருக்கும். அன்னிக்குக் காது ரெண்டும் சூடாச்சு, வாயி காஞ்சுது, போர்டிகோ தூணு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. "ஏனுங்க, எனக்கு என்னமோ பண்ணுது"ன்னேன். சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தவரு தலையைத் தூக்கலை. "கல்லு நிக்கப்படாது மரகதம். நடுவுல நின்னா மறுபடி எடுக்கறது ரெட்டிப்புப் பாரம். இன்னும் கொஞ்சம் மிதி, பதம் வந்துரும்." மிதிச்சேன். எதுக்கு மிதிச்சேன். எறங்கி ஒரு சொம்பு தண்ணியை அவரு தலையில ஊத்தியிருக்கலாம். மிதிச்சேனே. பதம் வந்துது, எடுத்தேன், உள்ள போயி சமையக்கட்டுத் தரையில படுத்துக்கிட்டு ஃபேனைப் போட்டேன். தலைக்கு மேல ஃபேனு சுத்தறதைப் பாத்துக்கிட்டே கெடந்தேன், அது பாட்டுக்குச் சுத்துது, யாரையும் மிதிக்கச் சொல்லாமச் சுத்துது. அந்த ஃபேனைத்தான் திங்கக்கிழமை நிறுத்தப் போறாரு. அன்னிக்கு நடந்ததை அவரு மறக்கலை, அதும் எனக்குத் தெரியும். மறந்திருந்தா இன்னிக்கு உளுந்தோட நிறுத்துவாரா. "இவங்களுக்கு உளுந்து மட்டும் காட்டுனாப் போதும், அரிசியைச் சாயங்காலமா ஆட்டிக்க"ன்னாரு காத்தால. அரிசி எப்பிடின்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னை மிதிக்க விட்டாரு.

ஒரு துளி மாவை எடுத்துத் தண்ணியில விடறேன். மிதக்குது. பந்தாட்ட மிதக்குது. "வந்துருச்சுங்க"ன்னு சொல்லிட்டேன், பாரு, வாயி தானாச் சொல்லிருச்சு. எல்லாரும் கை தட்டறாங்க. இவரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, "அப்பறம் என்னங்க, திங்கக்கிழமை மீட்டரைக் கழட்டிர வேண்டியதுதான்"ங்கறாரு. புருசோத்தமன் சாரு எந்திரிச்சுக் கை குடுக்கறாரு, யாருக்கு, அவருக்கு. நான் எறங்கறேன். காலு தரையில நிக்கலை, ஹேண்டில் பாரைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். உளுந்தை வழிச்சு எடுக்கறேன், போசிப் பாத்திரம் நெறையப் பொங்கி நிக்குது. முடிஞ்சுது. பாஸாயிட்டோம். வழிச்ச கல்லைப் பாக்கறேன். உளுந்து எடுத்த கல்லைக் கழுவற பழக்கம் எனக்குக் கெடையாது, அதே கல்லுல அரிசியைப் போடறதுதான் வழக்கம். வழக்கம். உள்ள போறேன். அரிசி ஊறிக்கிட்டிருக்குது, பெரிய அண்டாவுல. தூக்கறேன், இடுப்புல வெச்சுக்கிட்டுப் போர்டிகோவுக்கு வரேன். எனக்கே என்ன பண்றேன்னு தெரியலை, இல்ல, நல்லாத் தெரியும். அவரு பாக்கறாரு. சிரிப்பு நின்னு போச்சு. "அது எதுக்கு இப்ப"ங்கறாரு மெதுவா. நான் தலைவரைப் பாத்துச் சொல்றேன். "உளுந்தை மட்டும் வெச்சு இட்லி ஊத்த முடியுங்களா. அரிசியும் ஆட்டுனாத்தானுங்க பரிட்சை முடியும். எங்கூட்டுல மாத்தி மாத்திதானுங்க. உளுந்துக்கு நானு, அரிசிக்கு அவரு." அந்தப் புள்ளை பூங்கோதை, "வாவ், சார், நீங்களுமா, ஏறுங்க சார்"ங்குது, போனைத் திருப்பிப் புடிக்குது. அவரு வாயைத் தொறக்கறாரு. முட்டி வலின்னு சொல்லணும். சொன்னா மாத்தி மாத்திங்கறது பொய்யாப் போயிரும். அரிசி பாரம்னு சொல்லணும். சொன்னா டிசைன் தப்பாப் போயிரும். மூடிக்கறாரு. வேட்டியை மடிச்சுக் கட்டறாரு. ஏறறாரு. நான் அரிசியை அள்ளி அள்ளிக் கல்லுல போடறேன்.

முதல் மிதியிலயே தெரிஞ்சு போச்சு அவரு மூஞ்சியில. கல்லு தூக்கிப் போடுது. கடகடகடன்னு முழு அரிசி. "சார் கொஞ்சம் சிரிங்க சார்"ங்குது அந்தப் புள்ளை. சிரிக்கறாரு. நான் பக்கத்துல நின்னு அரிசியைத் தள்ளி விடறேன், தண்ணி தெளிக்கறேன், ஆபரேட்டருக்கு ரெண்டாவது ஆளு. மிதிங்க. மனசுக்குள்ளதான் சொல்றேன், சாமி கும்புடறாப்பல சொல்லிக்கிட்டே இருக்கேன், மிதிங்க மிதிங்க மிதிங்க. நெத்தி நரம்பு எந்திரிச்சு நிக்குது. காது ரெண்டும் செவந்து போச்சு. அந்தச் சூடு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். பிரசர் மாத்திரையைக் காத்தால தட்டு ஓரத்துல எடுத்து வெச்சேன், முழுங்குனாரா. இவங்க வந்த அவசரத்துல தட்டைக் கழுவிப் போட்டேன், தட்டுல மாத்திரை இருந்துதா. இருந்துதோ, இல்லையோ. முழுங்கியிருப்பாரு. முழுங்காட்டி. நின்னு கேக்கலாம், "ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா"ன்னு, ஒரு வார்த்தை. கேக்கலை. வேர்வை தாடையில எறங்கி மாவுல விழுகப் பாக்குது, முந்தானையில துடைச்சு விடறேன். "எவ்வளவு அன்னியோன்னியம்"ங்கறாரு புருசோத்தமன் சாரு. மிதி தளருது. கல்லு திணறுது. "கல்லு நிக்கப்படாதுங்க"ங்கறேன் மெதுவா, அவருக்கு மட்டும் கேக்கற மாதிரி. அவரு திரும்பி என்னைப் பாக்கறாரு. இத்தனை வருசத்துல இப்பிடிப் பாத்ததில்லை. "இன்னும் கொஞ்சம் மிதிங்க, பதம் வந்துரும்." அன்னிக்குத் தான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்துருச்சு அவருக்கு. வந்துருச்சு. கண்ணுல தெரியுது.

அரிசி ஒடைஞ்சு இப்பக் குழையுது. கடகடப்பு போயி சத்தம் அடங்குது. வந்தவங்க அவங்க பாட்டுக்குப் பேச்சும் பழமையுமா இருக்காங்க, சோலாரு, மழைத் தண்ணின்னு, போனு கூடக் கீழ எறங்கிருச்சு, யாரும் அவரைப் பாக்கலை. நான் மட்டுந்தான் பாக்கறேன். குனிஞ்சு என்ற காதுக்குப் பக்கத்துல வராரு, மூச்சு விசிலடிக்குது. "மரகதம். கரண்ட்டு. இருக்கட்டும். மீட்டரு அப்பிடியே இருக்கட்டும்." நான் அரிசியைத் தள்ளி விடறேன். "கழட்டச் சொல்லலை. திங்கக்கிழமை. போகலை நானு." அவ்வளவுதான். கேட்டது கெடைச்சுது. ஃபேனு எனக்கு, ஃபிரிட்ஜு எனக்கு, இன்னிக்கு ராத்திரி தரையில படுத்துக் கண்ணு மூடலாம். மனசு துள்ளும்னு பாக்கறேன், துள்ளலை. என்ன இது, ஒண்ணுமே ஆகலையே உள்ள. அந்தப் பேப்பரு படிச்ச தலை அன்னிக்கு நிமுரவே இல்லை, அதான் கண்ணுல நிக்குது. "பதம் வந்துருச்சா"ங்கறாரு. உதடு வெளுத்திருக்குது. கையை உள்ள விட்டு மாவை எடுத்துக் கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல தேய்ச்சுப் பாக்கறேன். சன்ன ரவையாட்ட இருக்குது. வந்துருச்சு. இதுக்கு மேல ஒரு சுத்து சுத்துனாலும் நைசாப் போயிரும், இட்லி கல்லாட்ட ஆகும், மரகதம் ஊட்டு மாவு கெட்டுப் போச்சுன்னு ஆயிரும். மறுபடி தேய்க்கறேன். நல்ல பதம். இதை விட நல்ல பதத்துல நான் அரிசி எடுத்ததே இல்லை. அவரு என்ற வெரலையே பாத்துக்கிட்டிருக்காரு.

"இல்லீங்க"ங்கறேன். "இன்னும் கொரகொரன்னுதான் இருக்குது. மிதிங்க." கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடறேன்.